முப்பது நாள் கராஜ்

இந்த நாட்டில் மனக்கோட்டைக்கும்
முதலில் கம்பம் நட வேண்டும்.

கட்டிட அனுமதிப் படிவத்தின் ஐந்தாம் பக்கம் சொன்னது:
எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்,
கூரை எந்தப் பக்கம் சரியும்,
எல்லாவற்றையும் அலுமினியத்தில் காட்டு.
ஊர் பார்க்கட்டும்.
முப்பது நாள்.

மூலைக்கொன்றாய் நாலு கம்பம்.
நுனியில் சரிவு காட்டும் சின்னப் பலகைகள்.
வீட்டைவிட்டு விலகி, பிளம்ஸ் மரத்துக்கு இப்பால்
என் கராஜ் எழும்பி நின்றது,
சுவரில்லை, கதவில்லை,
எலும்பு மட்டும்.
முதலில் குடிவந்தது காகம்.

விடிய மூன்றேமுக்காலுக்கு வேலைக்குப் புறப்படுகிறவன் நான்.
லாங்கென்தாலில் முதல் பேருந்து என்னுடையது.
பதினொரு குளிர்காலமாய்
காலாவதியான வங்கி அட்டையால் கண்ணாடியைச் சுரண்டுகிறேன்.
காசைக் கண்டதைவிட
பனியைக் கண்டதுதான் அந்த அட்டை.
‘காரணம்’ என்ற கட்டத்தில்
‘சொந்த வாகனம்’ என்று எழுதினேன்.
அவ்வளவுதான் கொள்ளும் கட்டம்.

உள்ளூர் அறிவித்தல் தாளில் பெயர் வந்தது.
நவநீதராசாவில் ஓர் எழுத்தைக் காணோம்.
சிவகௌரி வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.
‘எங்கட கலியாணமே பேப்பரில வரேல்லை.’

பதினொரு வருடம் தலை நிமிராத ஆட்கள்
நாயை நிறுத்திவிட்டு
என் இல்லாத கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

இருபத்தாறாம் நாள் பதிவுத் தபால்.
ஃப்ரவ் ஏஷ்லிமான், கிழக்குப் பக்கத்து வீடு.
ஆட்சேபம், மூன்று பக்கம்.

கதியால் ஒரு சாண் அரக்கியதற்குப்
பதினாறு வருடம் கோடேறிய பரம்பரை எனது.
அகராதியை எடுத்துக்கொண்டு
ஆசையாகத்தான் உட்கார்ந்தேன்.
முதற்பக்கம் சட்டம். இரண்டாம் பக்கம் சட்டம்.
மூன்றாம் பக்கக் கடைசியில் ஒரு வரி:
‘நாலேமுக்காலிலிருந்து ஐந்தரை வரை
சமையலறை மேசைக்கு வெயில் வரும்.
என் கணவர் அப்போதுதான் சாப்பிடுவார்.’

அகராதி தேவைப்படவில்லை.

அடுத்த நாள் அந்த மேசையில் நானும் இருந்தேன்.
நாலேமுக்கால்.
வெயில் வந்தது, சொன்ன நேரத்துக்கு,
இந்த ஊர் ரயில் மாதிரி.
பாண் வெட்டும் கத்திக்குக் குறுக்கே
விரலளவு நிழல்,
என் கம்பம்.
அது சுவரானால் எவ்வளவு அகலும் என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
கிழவர் ஜன்னலைக் காட்டி
‘அந்த வீட்டில் ஏன் விளக்குப் போடுவதில்லை?’ என்றார்.
‘தினமும் கேட்பார்’ என்றாள் அவள்.
‘அவருக்கு அது கட்டி முடிந்துவிட்டது.’

நகரசபையில் ஹெர் நிடெகர் அடிமட்டம் வைத்துப் பார்த்தார்.
தட்டைக் கூரை என்றேன்.
எழுபது சென்ரிமீற்றர் குறைக்கலாம்,
இரண்டரை மீற்றர் ரோட்டுப் பக்கம் தள்ளலாம்.
ஃப்ரவ் ஏஷ்லிமான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
கையெழுத்து வைத்தாள்.
எனக்கு வீரம் வந்துவிட்டது.
‘அப்ப அடுத்த கிழமை தொடங்கட்டா?’

ஹெர் நிடெகர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.
அளவு மாறினால் விண்ணப்பமும் மாறும்.
புதுக் கம்பம்.
புது முப்பது நாள்.

இது டிசம்பர்.
இரண்டாவது கராஜுக்குள் காரை விட்டிருக்கிறேன்.
நாலு கம்பத்துக்கும் நடுவில், இஞ்சி பிசகாமல்.
அதன்மேல் நாலு விரல் பனி.
அதே அட்டையால் அதே சுரண்டல்.

இன்று நிமிர்ந்தபோது
அந்தச் சமையலறையில் விளக்கு.
கிழவர் பைஜாமாவோடு நின்று கையசைத்தார்,
கராஜிலிருந்து கார் எடுக்கும் அயலவனுக்கு.

காரை வெளியே எடுத்தேன்.
இறங்கி நடந்துபோய்
இரண்டு கம்பத்துக்கும் நடுவே
கதவை இழுத்துச் சாத்தினேன்.

முதல் பேருந்து இன்றைக்கு
மூன்று நிமிடம் தாமதம்.
காரணக் கட்டத்தில் பனி என்று போட்டேன்.